பச்சை மாப்பிள்ளை

நுவரெலியாவிலும் அட்டனிலும் வீட்டு போட்டோ பிரிண்டர் மக்கர் செய்தால் பழி முதலில் மையின் மேல்தான். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் முகம் பச்சையாக வந்தால், மெஜந்தா துளை அடைத்திருக்கிறது என்று பொருள். நாமோ 'ஹெட் கிளீனிங்'கை அழுத்திக்கொண்டே இருக்கிறோம். அந்தச் சுத்திகரிப்பும் மையால்தான் நடக்கிறது; விலை கொடுத்து வாங்கிய மை, உள்ளே கிடக்கும் பஞ்சுக்குப் போகிறது. ஓரிரு முறை செய்தும் சரியாகாவிட்டால், சில மணி நேரம் சும்மா விடுவதே மலிவான வைத்தியம். பொத்தானை அமர்த்தாமல் சுவர் சுவிட்சை நிறுத்தினால் ஹெட் மூடியின்மேல் போய் அமராமல் காய்ந்துவிடும். 2022 மின்வெட்டுகள் நம்மைக் கேட்டுக்கொண்டா நிறுத்தின என்பீர்கள். நியாயம்தான். ஆனால், இப்போது நிறுத்துவது நம் கைதானே!

பேப்பர் சிக்குவதற்குக் குளிரைக் குற்றம் சொல்பவர்களும் உண்டு. குளிர் பாவம், ஈரம்தான் குற்றவாளி. தொழிற்சாலையில் தேயிலையை மூன்று சதவீத ஈரப்பதம்வரை உலர்த்தி, காற்றுப் புகாமல் கட்டுகிற ஊர் இது. அதே ஊரில் போட்டோ பேப்பர் திறந்த உறையோடு மூடுபனி பார்த்த ஜன்னலோரம் கிடந்து சுருள்கிறது. சுருண்டதைப் பளபளப்புப் பக்கம் மாற்றிச் செருகினால் மை காயாமல் கையோடு வரும். "கம்பனி மை வாங்கினால் இதெல்லாம் வராது" என்பார் கடைக்காரர். நல்ல மை நல்லதுதான். ஆனால், ஈரப் பேப்பரை அது உலர்த்தாது. இத்தனையும் சரிசெய்து முடித்தாலும், அடையாள அட்டைப் படத்துக்கு ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவுக்குத்தான் போகவேண்டும்.