வளைந்த கத்தி யாருக்கு?

கேள்வி: கராம்பிட் போன்ற வளைந்த கத்திகள் உண்மையில் பயன்படுமா, வெறும் பகட்டா?

பதில்: வளைவைப் பழிக்காதீர்கள். மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களோடு இணைத்துப் பேசப்படும் கராம்பிட், வயல்வேலைக் கருவியின் வழிவந்தது என்பார்கள். உள்வளைந்த விளிம்பை இழுத்தால் கயிறோ தண்டோ நழுவி ஓடாமல் வளைவுக்குள்ளேயே சிக்கி அறுபடும். கதிர் அரிவாளின் சூட்சுமமும் அதுதான். தரைவிரிப்பு வெட்டுபவரும் கேபிள் உறை உரிப்பவரும் கொக்கிக் கத்தியை விடாததற்கும் இதுவே காரணம். பகட்டு தொடங்குவது, பிடியிலுள்ள விரல் வளையத்தில் கராம்பிட்டைச் சுழற்றிக் காட்டும்போதுதான். அந்த வளையம் பிடி நழுவாமல் காக்கிறதே என்பீர்கள். உண்மை, ஈரக்கைக்கு அது பெரிய துணை. ஆனால் வெங்காயம் நறுக்கிப் பாருங்கள்: நுனி பலகையைத் தொடும், நடு விளிம்பு அந்தரத்தில் நிற்கும். தீட்டவும் தட்டைக்கல் உதவாது, உருளைக்கோல் வேண்டும். ஒரே கத்திதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் நேர்க்கத்தியை வாங்குங்கள். கயிறும் கேபிளும் தினசரிப் பிழைப்பென்றால், தயங்காமல் வளைந்ததை.