மூன்றாம் வரிசை இலக்கணம்
(ஏழிருக்கை வண்டியை அளந்தறியும் முறை குறித்த ஓர் ஆய்வு)

1. நுதலிய பொருள்

குடும்பத்துக்கு ஏற்ற ஏழிருக்கை எஸ்யூவி எது என்று இதுவரை நடந்த விவாதமெல்லாம் முதல் வரிசையில் நடந்ததே. ஸ்டியரிங் எப்படி, பிக்கப் எப்படி, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று முதல் வரிசை கேட்கும். முதல் வரிசையே பதிலும் சொல்லிக்கொள்ளும். மூன்றாம் வரிசையின் வாக்குமூலத்தை யாரும் வாங்கியதில்லை. வாங்கப் போன நேரத்தில் அவ்வரிசையினர் வாயைத் திறக்கும் நிலையில் இல்லாததும் ஒரு காரணமாகலாம். அக்குறையை நீக்கவே இவ்வாய்வு.

ஆய்வுப் பொருள், எங்கள் மாமா வாங்க நினைத்த, ஆறு வயதான ஒரு வண்டி. அதன் குலமும் கோத்திரமும் ஆய்வு நெறி கருதி மறைக்கப்படுகின்றன. களம், தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மலையைச் சுற்றி ஏறும் 59ஆம் எண் கூட்டரசுச் சாலையும், அதற்கு மேலே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டமும். ஆய்வுக் குழுவினர் மாமா, அத்தை, அம்மா, நான், பிள்ளைகள் மூவர். ஆக எழுவர், இருக்கையும் ஏழு.

2. திணை

இக்களமான கேமரன் மலை குறிஞ்சித் திணை என்பதில் ஐயமில்லை. 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு சொன்ன மேட்டு நிலம். 1929இல் ரசல் என்ற வெள்ளைக்காரர் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். ஆனால் கருப்பொருள்கள் மாறிவிட்டன. தினைக்குப் பதில் சோளம். தேனுக்குப் பதில் ஸ்ட்ராபெரி. யானையும் புலியும் உலவிய இடத்தில் பழைய லேண்ட் ரோவர். தெய்வம் மட்டும் மாறவில்லை. முருகன் டேஷ்போர்டில் பசை போட்டு ஒட்டப்பட்டு நிற்கிறான். பெரும்பொழுது பள்ளி விடுமுறை. சிறுபொழுது நெரிசல் தொடங்கும் முற்பகல்.

குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தலும் புணர்தல் நிமித்தமும். தாப்பா சாலையின் உரிப்பொருள் குமட்டலும் குமட்டல் நிமித்தமும்.

3. காண்டல் அளவை

முன்னோர் உண்மையை அறிய மூன்று அளவைகள் வகுத்தனர்: காண்டல், கருதல், உரை. வண்டிக்கும் இவையே போதும்.

முதலில் கண்ணால் கண்டது. மூன்றாம் வரிசைக்குப் போக நடு இருக்கையை மடக்கி, குனிந்து, ஒரு காலை உள்ளே விட்டு, மற்றதைத் தேட வேண்டும். உட்கார்ந்ததும் முழங்கால் மோவாய்க்கு அருகில் வந்துவிடும். இருக்கை பின் அச்சுக்கு மேலேயோ அதற்கும் பின்னாலேயோ அமைவதால், வளைவில் முன்வரிசைக்குத் திரும்பல் என்பது பின்வரிசைக்கு வீச்சு. சாளரம் சிறியது, எதிரே தெரிவது முன்னிருக்கையின் முதுகு. உடம்பு சுழல்கிறது என்று காதின் உட்பகுதி சொல்கிறது. எதுவும் அசையவில்லை என்று கண் சொல்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படும்போது மூளை வழக்கை வயிற்றுக்கு மாற்றிவிடுகிறது. வழியிலுள்ள ரிங்லெட் வருவதற்குள் மூன்றாம் வரிசையில் கோடாலித் தைலம் இருமுறை திறக்கப்பட்டது; புளிப்பு அசம்போய்ப் பொட்டலம் ஒன்று தீர்ந்தது.

அதே நேரத்தில் முதல் வரிசையிலிருந்து மாமா அறிவித்தார்: “நல்லா ஸ்மூத்தா போவுதுலா!”

4. கருதல் அளவை

புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல். இங்கே நாற்றத்தைக் கொண்டு பிரேக்கை அறியலாம். இறக்கத்தில் எழுவரின் எடையையும் பிரேக் கட்டையே சுமந்தால் அது காய்ந்து பிடி தளரும். பிரேக் எண்ணெய் பழசாகி ஈரம் ஏறியிருந்தால் கொதித்து, மிதி பஞ்சாகிவிடும். ஆகவே கியரைக் குறைத்து இஞ்சினையே இழுத்துப் பிடிக்க வைக்க வேண்டும். அடிவாரத்தில் இறங்கியதும் சக்கரத்தருகே மூக்கை வைத்துப் பார்ப்பவர் பாதி மெக்கானிக்.

ஏற்றத்துக்கும் ஒரு கணக்குண்டு. காற்று மெலிவதால், டர்போ இல்லாத இஞ்சின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல். அடிவாரத்தில் நூறு குதிரைகளோடு புறப்பட்டவர் மேலே எண்பத்தைந்தோடுதான் போய்ச் சேருகிறார். எழுவர் ஏறினால் எடை பின்னால் சாயும். அப்போது பெரோடுவா அரூஸ் போலப் பின்சக்கரம் தள்ளும் வண்டிக்குப் பிடிப்புக் கூடும். புரோட்டோன் எக்ஸ்90 போல முன்சக்கரம் இழுக்கும் வண்டி, டர்போவின் தயவில் மூச்சு வாங்காமல் ஏறும். எது ஏற்றது என்பது எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. விற்பவரோ ஒற்றை ஆளாகவே ஓட்டிக் காட்டுவார்.

5. உரை அளவை

விற்பவர் சொன்னது: “டீச்சர் ஓட்டின வண்டிண்ணே.” மெக்கானிக்கான போமன் சொன்னது: “கியர் எண்ணெய் எப்ப மாத்தினாங்கன்னு கேளுங்க.” மாமா இரண்டையும் கேட்டார். பிறகு நம்பர் பிளேட்டைக் கூட்டிப் பார்த்தார். ஆறு வந்தது. முருகனுக்கு முகம் ஆறு என்பதால் அவரளவில் ஆய்வு அங்கேயே முடிந்தது. உரை அளவையின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

6. தடையும் விடையும்

தடை: நம்பகம் என்பது கெடாமல் ஓடுவதுதானே? அதற்கு மூன்றாம் வரிசை எதற்கு?

விடை: நம்பகம் இருவகை. கெடாமை ஒன்று, கெட்டாலும் மீளுதல் மற்றொன்று. இம்மலையின் லேண்ட் ரோவர் இரண்டாம் வகை. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதலில் தலைகாட்டிய வண்டி அது. போருக்குப் பின் எஃகு கிடைக்காததால் அலுமினிய உடம்பு. பழையவற்றுக்கு மாட்டு வண்டியின் உறவுமுறையான பட்டை வில். அடிக்கடி நிற்கும், ஒரு ஸ்பானரும் கொஞ்சம் வசவும் இருந்தால் சாலையோரத்திலேயே கிளம்பிவிடும். இன்றைய வண்டி எளிதில் நிற்பதில்லை. நின்றால் மஞ்சள் விளக்கொன்றைக் காட்டிவிட்டு மௌன விரதம் பூணும். கணினியோடு ஒருவர் வந்துதான் அதைப் பேச வைக்க வேண்டும்.

தடை: ஏழு பேர் போகலாம் என்பதே மதிப்பல்லவா?

விடை: ஏழு பேர் போகலாம், அல்லது ஏழு பேரின் பைகள் போகலாம். எங்கள் வண்டியில் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் மிச்சமிருந்த இடம் முட்டைக்கோஸ் இரண்டுக்குத்தான் போதுமானதாக இருந்தது. அத்தை வாங்கியது ஐந்து.

சுங்கை பாலாஸில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்தில் பிறந்த அம்மா இவ்வாய்வுக்கு ஓர் அடிக்குறிப்பு தந்தார்: “அப்பல்லாம் லாரியில முன்னால தொர, பக்கத்துல கிராணி. நாங்க பின்னால கொழுந்து மூட்ட மேல. இப்ப மூட்டைக்குப் பதிலா சீட்டு போட்டுருக்கான்.” மூன்று வரிசையின் தோற்றம் பற்றி இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஒரு திருத்தம் மட்டும்: கொழுந்து மூட்டை மெத்தென்று இருக்கும்.

7. முடிபு

புறப்படும்போது இறுதிச் சோதனை தானாகவே நடந்தது. ஏழிருக்கை வண்டியின் மதிப்பு, திரும்பும் பயணத்தில் மூன்றாம் வரிசைக்குத் தாமாக ஏறும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குச் சமம். மூவரும் நடுக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எண்ணிக்கை சுழியம்.

ரிங்லெட்டில் வண்டியை நிறுத்தச் சொன்ன அத்தை, “கொஞ்ச தூரம் நீங்க பின்னால உக்காருங்க, தம்பி ஓட்டட்டும்” என்றார். மாமா மூன்றாம் வரிசைக்கு ஏறிய காட்சியை விவரிப்பது ஆய்வு நாகரிகமன்று. லாத்தா இஸ்கந்தார் அருவி வரை அங்கிருந்து ஒரு கருத்தும் வரவில்லை. அங்கே இறங்கியவர் தைலத்துக்குக் கை நீட்டினார். ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். விற்பவரைக் கைப்பேசியில் அழைத்து, “யோசிச்சுச் சொல்றேன்லா” என்றார்.

“ஏன், கூட்டினா ஆறு வருதே” என்றார் அத்தை. “வாங்குங்க. ஆனா எப்பவும் நான்தான் முன்னால.”