கல்லு ஊர்வலம் போகாம இருக்கணும்னா

வாங்க மாப்ளே, கலர் முடிவாயிடுச்சாமே? சிவப்பும் சாம்பலுமா பேவர் பிளாக், நடுவுல மஞ்சள்ல ஒரு கோலம். திருமுல்லைவாயில்ல இப்படி ஒரு வாசல் இன்னொண்ணு கிடையாதுன்னு உங்க அத்தை தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்துட்டா. ஓரத்துக்கு என்ன வெக்கப் போறீங்கன்னு கேட்டா மட்டும் "மேஸ்திரி பார்த்துப்பாரு"ங்கிறீங்களாம். பார்த்துப்பாரு. கூலியை வாங்கிக்கிட்டு தூரமா நின்னு பார்ப்பாரு.

அவர் செய்யப்போறதை நானே சொல்லிடறேன். கடைசி வரிசை முடிஞ்சதும் மிச்சக் கலவையை ஓரத்துல சரிவா அப்பி, கரண்டியால வழவழன்னு தேச்சு விடுவாரு. ரெண்டு விரல் கனம். கிரகப்பிரவேசப் போட்டோவுல அம்சமா விழும். ஐப்பசி மழையில வெடிப்பு விடும், கார்த்திகையில பேந்து கையோட வரும். பொங்கலுக்குக் கோலப்பொடி வாங்க வேண்டிய செலவு மிச்சம். உங்க மஞ்சக் கோலமே பக்கத்து மனைக்குக் குடி போயிருக்கும்.

ஏன்னு கேளுங்க. பேவர் பிளாக்கை யாரும் ஒட்டி வைக்கிறதில்ல. அடியில மணல், சந்துலயும் மணல். கார் ஏறினா எந்தக் கல்லும் பாரத்தைத் தனியா சுமக்காது. பக்கத்துக் கல்லு மேல தள்ளிவிடும், அது அதுக்கடுத்ததை நெட்டும். நீங்க கேட்டுகிட்ட வந்து பிரேக்கைப் போட்டு ஸ்டீயரிங்கை ஒடிக்கிறப்போ இந்தத் தள்ளுமுள்ளு இன்னும் பலமாகும். கடைசிக் கல்லு யார் மேல சாயும்? அங்க ஓரக்கல் நிக்கணும். நிக்கலேன்னா ஓரம் கட்டாத கோரைப்பாய் கதைதான், ஒரு கோரை நழுவினா மத்ததும் பின்னாடியே கிளம்பிடும். சந்து அகலும், மணல் கரையும், தண்ணி இறங்கும், கல்லு ஆடும். அப்புறம் பெருச்சாளியார். திறந்த ஓரத்தைப் பார்த்தா மணலுக்கடியில வளை தோண்டி குடும்பத்தோட வந்துடுவாரு. அட்வான்சும் கிடையாது, வாடகையும் கிடையாது.

இது என் சொந்தச் சரக்கு இல்ல. கி.பி. 79-ல எரிமலைச் சாம்பல்ல முழுகின பொம்பெயி ஊரைத் தோண்டி எடுத்தாங்களே, அந்தத் தெருவோட ஓரக்கல் இன்னைக்கும் நின்ன இடத்துல நிக்குது. ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் செங்கல் தட்டுப்பாட்டுல ஹாலந்துக்காரன் தெருவுக்கு கான்கிரீட் கல்லைப் பரப்ப ஆரம்பிச்சான். நாம கல்லை மட்டும் இறக்கிக்கிட்டு, ஓரத்தை அவன்கிட்டயே விட்டுட்டோம்.

சரி, செய்யறதா இருந்தா இப்படிச் செய்யுங்க. மணல் வண்டி வர்றதுக்கு முன்னாடி ஓரக்கல் நின்னாகணும். உங்க மனை எங்கப்பா காலத்துல நெல்லு விளைஞ்ச களிமண். அதுமேல எந்த வீட்டையோ இடிச்ச ரப்பிஷைக் கொட்டி மேடாக்கி வெச்சிருக்கீங்க. அதுல கதவுத் துண்டும் டைல்ஸ் உடைசலும் இருக்கு, நானே பார்த்தேன். அதையெல்லாம் வாரிப் போட்டுட்டு, ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து, தண்ணி தெளிச்சு, அடுக்கடுக்கா இடிக்கணும். மிஷின் வாடகை கசந்தா திமிசுக் கட்டை இருக்கு, உங்க மச்சானும் சும்மாதான் இருக்கான். அந்த ஜல்லிப் படுக்கை ஓரக்கல்லுக்கு அடியிலயும் போகணும், கல்லுக்கு முன்னாடியே நின்னுடக் கூடாது.

அப்புறம் நூல் கட்டி, நாலு அங்குலம் கான்கிரீட் போட்டு, அது ஈரமா இருக்கும்போதே ஓரக்கல்லை உட்கார வைக்கணும். ஜல்லி கலந்த கான்கிரீட்டு மாப்ளே, பூச்சு வேலைக் கலவை இல்ல. கல்லுக்குப் பின்பக்கம் பாதி உசரத்துக்கு மேல கான்கிரீட்டை அணைச்சு முதுகு கொடுக்கணும். அந்த முதுகை மண்ணு மூடிடும், யார் கண்ணுக்கும் தெரியாது. அதனாலதான் மேஸ்திரி அதுல மிச்சம் பிடிப்பாரு. கான்கிரீட் போடற அன்னைக்கு மட்டும் ஆபீசுக்கு லீவு போட்டுட்டு கூடவே நில்லுங்க. கல்லு பரப்பற அன்னைக்கு நீங்க மகாபலிபுரமே போயிட்டு வரலாம்.

மணல் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். பள்ளத்தை மணலாலேயே நிரப்பிடலாம்னு மேஸ்திரி சொன்னா டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுங்க. ஓரத்துல விரல் அகலத்துண்டா வெட்டிச் சொருகறதும் வேணாம், முதல் மழைக்கே துள்ளி வெளிய வந்துடும். ஓரக்கல்லை ஒட்டி ஒரு வரிசை முழுக்கல்லா ஓட்டிட்டு, வெட்டுத்துண்டை அதுக்கு உள்பக்கம் வைக்கச் சொல்லுங்க.

கல்லு கனம் கேட்டீங்களே. 2006-ல வந்த ஐஎஸ் 15658 தரம் லேசான போக்குவரத்துக்கு 60 மில்லிமீட்டர் கனம் சொல்லிச்சு. உங்க கார் ஒண்ணுக்கு அது தாராளம். 1965-லயே விஜயந்தா டாங்கி செஞ்ச ஆவடி பக்கத்துல இருக்கேன்னு பயப்பட வேணாம், டாங்கி உங்க வாசலுக்கு வராது. தண்ணி லாரிதான் வரும். 12,000 லிட்டர்னா தண்ணி மட்டுமே 12 டன்னு. அது காம்பவுண்டுக்குள்ள ஏறித்தான் தொட்டியை ரொப்பும்னா 80 மில்லிமீட்டருக்குப் போங்க. இல்லேன்னா டிரைவரைத் தெருவுலயே நிறுத்தி நீளமா ஒரு ஓஸ் வாங்கிக்குங்க, அதான் மலிவு.

தண்ணி விஷயத்துல விளையாடாதீங்க. 2023 மிக்ஜாம் புயல்ல கொரட்டூரும் அம்பத்தூர் எஸ்டேட்டும் கிடந்த கிடையைத்தான் பார்த்தீங்களே. நாலடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் குடுங்க, இருபதடி வாசலுக்கு அஞ்சு அங்குலம். நாலு பக்கமும் ஓரக்கல்லை உசத்தி வெச்சீங்கன்னா பருத்திப்பட்டு ஏரிக்குப் போட்டியா ஒண்ணு வெட்டின புண்ணியம் சேரும். தாழ்ந்த பக்கத்துல அங்கங்க துவாரம் விட்டு மழைநீர்க் குழிக்குத் திருப்புங்க. 2003-ல மழைநீர் சேகரிப்பை எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கினப்போ மூடி மட்டும் போட்டுட்டுக் குழியே தோண்டாதவங்களை எனக்குத் தெரியும். அதுல ஒருத்தர் உங்க வீட்டு மனையை உங்களுக்கு வித்தவரு.

கேட்டுகிட்ட ஓரக்கல் தரையோட சமமா படுக்கணும், வண்டி ஏறணுமில்ல. அது உங்க எல்லைக்குள்ளயே படுக்கட்டும். எதிர்வீட்டுக்காரர் ரோட்டுல மூணடிக்குச் சாய்வு கட்டி மழைநீர்க் கால்வாயை மூடி வெச்சிருக்காரே, அந்த நாகரிகம் நமக்கு வேணாம். ரோடு மேல ரோடு போட்டு உசத்தாம, பழசைச் சுரண்டிட்டுத்தான் புதுசு போடணும்னு 2021-ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு உத்தரவே போட்டாரு. ஆனாலும் உத்தரவை நம்பி வாசலைத் தாழ்வா வைக்காதீங்க. ரோட்டைவிட அரை அடி மேலயே இருக்கட்டும்.

ஓரக்கல் வெச்சு ஒரு வாரம் அது பக்கத்துல மிஷின் ஓடக் கூடாது, தினம் ரெண்டு வேளை தண்ணி தெளிங்க. அதுவரைக்கும் காரை எதிர்வீட்டுச் சாய்வுக்கு முன்னாடி நிறுத்துங்க. அவர் கத்தினா என்னைக் கூப்பிடுங்க. மூணடி கணக்கு கேட்க நானும் ரொம்ப நாளா ஒரு சாக்கு தேடிக்கிட்டிருக்கேன்.