இதென்ன பிரமாதம்!

மாசாய் மாராவில், தாலெக் ஆற்றங்கரையில் ஒரு கூடார முகாம். வந்து இறங்கிய அன்றே வாழ்க்கையின் முதல் சிங்கத்தைப் பார்த்துவிட்டேன். ஜீப்பிலிருந்து பத்தடி தூரம். அது கொட்டாவி விட்டபோது உள்நாக்கு வரைக்கும் தெரிந்தது. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது என்ற நிலையில், ராத்திரி நெருப்பைச் சுற்றிப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து, "இன்னிக்கு ஒரு சிங்கம்..." என்று ஆரம்பித்தேன்.

"ஒண்ணுதானா?" என்றது பக்கத்து நாற்காலி.

சஃபாரி முகாம் நடத்துகிறவர்கள் கூடாரம், ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டியோடு இந்த ஆசாமியையும் சேர்த்தே வாங்கிப் போடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். எந்த நாட்டுக்காரராகவும் இருப்பார். எனக்கு வாய்த்தவர், நைரோபியில் இருபத்தைந்து வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற நம்மூர்க்காரர். மாராவுக்கு இது பதினோராவது தடவையாம். சட்டை ஒரு காலத்தில் காக்கியாக இருந்திருக்க வேண்டும். தொப்பியின் விளிம்பில் அரைவட்டமாக ஒரு கடி. எந்த மிருகம் கடித்தது என்று நாம் கேட்கிறவரை தொப்பியைக் கழற்றுவார், மாட்டுவார், திருப்பி வைப்பார். கேட்டுவிட்டால், "ஃபீசி" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு நெருப்பைப் பார்ப்பார். ஃபீசி என்றால் கழுதைப்புலி. அவர் எந்த மிருகத்தையும் சுவாஹிலியில்தான் அழைப்பார். யானை 'டெம்போ'. முதல்முறை அவர் "டெம்போ வருது, ஒதுங்கு" என்றபோது, முகாமுக்குக் காய்கறி வருகிறது என்று நினைத்து நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

கையில் ஒரு நீள நோட்டு. பழைய பேரேட்டு வாசனை அதில் இன்னும் இருக்கிறது. தேதி, இடம், மிருகம், எண்ணிக்கை. கண்ட அன்றே பதிவு. கடைசிப் பக்கத்தில் கூட்டுத்தொகை. "சிங்கம் மட்டும் 214 தம்பி. குட்டி தனிக் கணக்கு."

இந்த இனத்தாருக்கு ஒரு பரிணாம வளர்ச்சி உண்டு. முதல் பயணத்தில் எல்லாரையும் போல 'பிக் ஃபைவ்' என்று அலைவார்கள். சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம். கால்நடையாகப் போய்ச் சுடுவதற்கு ஆபத்தான ஐந்து என்று வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல் அது. கென்யாவில் 1977-லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டார்கள். துப்பாக்கி போய்விட்டது, பட்டியல் போகவில்லை. மூன்றாம் பயணத்தில் பறவைக்கு மாறிவிடுவார்கள். நாம் சிறுத்தையைத் தேடிக் கழுத்து வலிக்க மரம் மரமாகப் பார்க்கும்போது, பழுப்பாக ஒரு குருவிக்காக வண்டியை அரைமணி நிறுத்தச் சொல்வார்கள். ஆறாம் பயணத்துக்கு மேல் சாணி. நம்மவர் அந்த உச்சத்தை எட்டியிருந்தார். காலைச் சாப்பாட்டு மேஜையில், என் ஆம்லெட்டுக்கு ஒரு ஜாண் தள்ளி, சுண்ணாம்புக் கட்டி மாதிரி எதையோ வைத்தார். "ஃபீசியோடது. எலும்பை அப்படியே மென்னு தின்னுடுமா, அந்தச் சுண்ணாம்புச் சத்துதான் வெள்ளையா வருது." தகவல் சரிதான். ஆம்லெட் அப்படியே இருந்தது.

அவரிடம் பெரிய சங்கடம் இதுதான்: சொல்வதில் பாதி உண்மை. ஜாம்பியாவில் ம்ஃபுவே என்ற இடத்து விடுதியில், மாம்பழப் பருவத்தில் யானைக்குடும்பம் வரவேற்பறை வழியாகவே நடந்து போகும் என்றார். அளக்கிறார் என்று நினைத்து ஊருக்குத் திரும்பியதும் விசாரித்தேன், அட்சரம் பிசகவில்லை. அபர்டேர் காட்டில் மரத்தின் மேல் கட்டிய ட்ரீடாப்ஸ் விடுதிக்கு 1952-ல் இளவரசியாக ஏறிய எலிசபெத், அன்று ராத்திரி தகப்பனார் காலமானதால் ராணியாக இறங்கினார் என்பது உலகத்துக்கே தெரியும். நம்மவர் வாயால் கேட்டால்தான், ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சொல்வது மாதிரி இருக்கும்.

இருட்டிய பிறகு முகாமுக்குள் யாரும் தனியாக நடக்கக் கூடாது. சிவப்புச் சால்வையும் ஈட்டியும் டார்ச்சுமாக ஒரு மாசாய்க் காவலாளி கூடாரம்வரை கொண்டுவந்து விடுவார். அஸ்காரி என்று பெயர். இரண்டாம் நாள் இரவு பாதி வழியில் அவர் கையை நீட்டித் தடுத்தார். டார்ச் வெளிச்சத்தில் பழுப்பாக ஒரு பாறை. பாறை புல் மேய்ந்துகொண்டிருந்தது. கோடித் துணியைக் கிழிக்கிற மாதிரி சர்ர், சர்ர் என்று சத்தம். பகலெல்லாம் ஆற்றில் மூக்கை மட்டும் காட்டுகிற நீர்யானை, ராத்திரி மேய்ச்சலுக்குக் கரையேறி, சரியாக எங்கள் பாதையில் நின்றிருந்தது. நம்மவர் என் காதில், "இதென்ன பிரமாதம்! நைவாஷா ஏரியில ஒரு தடவை..." என்று தொடங்கினார். அஸ்காரி திரும்பி, உதட்டில் விரலை வைத்தார். இருபது நிமிஷம். இத்தனை நேரம் அவர் பேசாமல் இருந்தது அதற்கு முன்பு எப்போது என்று தெரியவில்லை, நோட்டில் இருக்கலாம்.

அன்றைக்கே நடுநிசியில் ஓர் அலறல். யாரையோ கழுத்தை நெரிப்பது போல ஆரம்பித்து, துருப்பிடித்த கதவு மாதிரி ஏறி ஏறிப் போயிற்று. பக்கத்துக் கூடாரத்திலிருந்து, "ச்சூயி! சிறுத்தை! ஜிப்பைத் திறக்காதே!" என்று குரல் வந்தது. அஸ்காரி நிதானமாக வந்து மரத்தின்மேல் டார்ச் அடித்தார். முயலளவில் ஒரு பிராணி, ராத்திரி இப்படியா விளக்கடிப்பது என்கிற முகத்தோடு எங்களைப் பார்த்தது. ஹைராக்ஸ். தமிழ் பைபிளில் குழிமுசல் என்று வருகிறதே, அதன் மரமேறிப் பங்காளி. யானைக்கு நெருங்கிய சொந்தம் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்; குரலில் மட்டும் அந்தப் பரம்பரை தெரிகிறது.

மறுநாள் நம்மவர் அசரவில்லை. "சிறுத்தை வந்ததாலதானே தம்பி அது கத்திச்சு?"

பிஸ்கட் விவகாரம் மூன்றாம் நாள். விடியற்காலை ஐந்தரைக்கு எழுப்பும்போது டீயும் பிஸ்கட்டும் கொண்டுவருவார்கள். கூடாரத்தில் தின்பண்டம் வைக்காதீர்கள், குரங்கு ஜிப்பைத் திறக்கும் என்று புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் வகுப்பு எடுத்தவர் நம்மவர்தான். அவருடைய தலையணைக்கடியில்தான் பிஸ்கட் இருந்தது. சுற்றிவிட்டுத் திரும்பியபோது, ஜிப் ஒரு முழம் திறந்திருந்தது. கட்டிலில் தூள். வெளிக்கம்பத்தின் மேல், கறுத்த முகமும் சாம்பல் உடம்புமாக, வீட்டுப் பூனையைவிடச் சின்னதாக ஒரு குட்டி உட்கார்ந்து, எங்களைப் பார்த்துக்கொண்டே கடைசி பிஸ்கட்டைத் தின்றது.

அன்றிரவு நெருப்பைச் சுற்றிப் புது ஆட்கள். "ந்யானி," என்றார் நம்மவர். "கதவை மறிச்சிட்டு நிக்குது. பல்லு ஒவ்வொண்ணும் இத்தனை நீளம். நான் அசையல." ந்யானி என்றால் பபூன் குரங்கு. நம்மூர் நாடக மேடையில் பபூன் என்றால் கோமாளி. சுவாஹிலிக்காரர்களோ கிட்டத்தட்ட ஞானி ஆக்கிவிட்டார்கள். ஒரு பிஸ்கட் பொட்டலத்துக்குள் இவ்வளவு பதவி உயர்வா என்று நான் அஸ்காரியைப் பார்த்தேன். அவர் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

கிளம்புகிற அன்று, மண் ஓடுபாதையில் சின்ன விமானத்துக்குக் காத்திருந்தோம். ஆளுக்குப் பதினைந்து கிலோதான் அனுமதி. அவர் பையை எடைக்கு வைக்கப் போனபோது, "இதைக் கொஞ்சம் பிடி" என்று நோட்டை என்னிடம் கொடுத்தார். கடைசியாக எழுதிய பக்கத்தைத் திருப்பினேன். தேதிக்கு எதிரே, குண்டுமணி எழுத்தில்:

வெர்வெட் குரங்கு – 1 (குட்டி).

அதற்குக் கீழே, செலவுக் கலத்தில்: பிஸ்கட் – 6.