வரம்பற்ற வள்ளல்கள்

வரம்பு வைப்பது கோழைகளின் வேலை. லினக்ஸ் வழக்கமாக ஒரு புராசஸுக்கு 1024 ஃபைல் என்று கஞ்சத்தனம் காட்டும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் 100 இணைப்போடு கதவைச் சாத்தும். நம் இளம் பொறியாளர்கள் இந்த அநீதியைப் பொறுப்பவர்களா? இரண்டையும் லட்சமாக்கி, பத்தாயிரம் ரிமோட் அழைப்புகளை ஒரே மூச்சில் ஏவிவிடுகிறார்கள். தோற்றவை உடனே மீண்டும் அழைக்கும், விடாமுயற்சி அல்லவா! டைம்அவுட்டும் கிடையாது. விருந்தாளியை எழுந்திருக்கச் சொல்வது என்ன பண்பாடு?

ராம் நிரம்பியதும் கெர்னலே முன்வந்து, அதிகம் தின்றவரைத் தேடிப் பிடித்துக் கொல்கிறது. பெரும்பாலும் அது டேட்டாபேஸ்தான். அதன்பின் அத்தனை அழைப்புகளுக்கும் நொடியில் பதில்: 'இணைப்பு மறுக்கப்பட்டது'. சர்வர் இவ்வளவு வேகமாக என்றுமே பதில் சொன்னதில்லை என்று மேலாளர் வரைபடத்தைக் காட்டிப் பூரிக்கிறார்.