இந்தக் கதையில் அவர் சாகவில்லை

உயிரோடு இருக்கிற ஒருவரைப் பற்றி ‘இவர் சாகவில்லை’ என்று யாரும் அறிவிப்புப் பலகை வைப்பதில்லை. பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து ஃபேன் ஃபிக்ஷன் எழுதுகிற ரசிகர்கள் வைப்பார்கள். ஹாரி பாட்டருக்கு ஞானத்தகப்பன் முறையில் சிரியஸ் பிளாக் என்று ஒருவர் உண்டு. ரசிகர்கள் எழுதிக் குவித்த கணக்கற்ற கதைகளின் முகப்பில் ‘சிரியஸ் பிளாக் உயிரோடு இருக்கிறார்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த மனிதரின் பெயரையே அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேள்விப்படுகிற என்னைப் போன்றவர்களுக்கு அது வாழ்த்துச் செய்தியாகத் தெரியாது. மரண அறிவிப்பாகத்தான் தெரியும்.

அக்கா மகள் லீவுக்கு வந்திருந்தபோது ஆரம்பித்தது இது. ஹாரி பாட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நெற்றித் தழும்பும் வட்டக் கண்ணாடியும்தான். படிக்கலாம் என்று கேட்டால், ஏழு புத்தகமும் ஹாஸ்டல் அறையில் இருக்கிறதாம்.

“அதுவரைக்கும் இதைப் படிங்க சித்தி, செம க்யூட்டா இருக்கும்” என்று போனில் ஒரு ரசிகர் கதையைத் திறந்து நீட்டினாள்.

“மூலக் கதை தெரியாம இது புரியுமா?”

“போகப் போகப் புரிஞ்சிடும்.”

புரிந்தது. அதுதான் வினை.

கதைக்குள் போகவேண்டிய அவசியம்கூட இல்லை. இந்தக் கதைகளுக்கென்றே ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்று ஒரு பெரிய களஞ்சியம் இருக்கிறது. 2009-இல் திறந்தார்கள். 2019-இல் ஹியூகோ விருதே வாங்கியது. அங்கே ஒவ்வொரு கதையின் நெற்றியிலும் டேக் என்று சீட்டு ஒட்டுவார்கள். யார் யார் வருகிறார்கள், யாருக்கு யார் மேல் காதல், அழவைக்குமா சிரிக்கவைக்குமா, எல்லாம் அதில் இருக்கும். இந்தச் சீட்டுகளை ஒழுங்குபடுத்தவே சம்பளமில்லாத தொண்டர் படை ஒன்று உழைக்கிறது. ஒரே ஆளைப் பலர் பல பெயரில் குறிப்பிட்டால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே சீட்டாக்கி வைப்பார்கள். அந்தப் பொறுப்புணர்ச்சியில் விளைந்ததுதான் ‘டாம் ரிடில்’, பக்கத்தில் ஒரு நெட்டைக் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் கதையின் பெரிய வில்லனான ‘வோல்டமார்ட்’.

அந்தக் கோட்டின் மகிமை, பிற்பாடு இரண்டாம் புத்தகத்தைப் படித்தபோதுதான் உறைத்தது. பழைய டைரி ஒன்றுக்குள்ளிருந்து டாம் ரிடில் என்ற நல்ல பையன் பேசுகிறான். அடக்கமானவன், படிப்பாளி, உதவத் துடிக்கிறவன். மூல ஆசிரியர் ரௌலிங் அவனைப் பக்கம் பக்கமாக வளர்த்துக்கொண்டுபோய், கடைசியில் அவன் தன் பெயரின் எழுத்துகளைக் காற்றில் எழுதி இடம் மாற்றிக் காட்டும்போதுதான் அவன் யாரென்று போட்டு உடைக்கிறார். அம்மணி ஒரு முழு நாவல் செலவழித்துச் செய்த காரியத்தைத் தொண்டர்கள் ஒரு கோட்டில் முடித்துவிட்டார்கள்.

மூன்றாம் புத்தகம்தான் பெரிய சேதம். அஸ்கபான் சிறையிலிருந்து ஒரு கொலைகாரன் தப்பிவிட்டான். மந்திர உலகமே கதவைத் தாழ்போட்டுக்கொண்டு நடுங்குகிறது. அந்தக் கொலைகாரன்தான் சிரியஸ். எனக்குத் தெரிந்த சிரியஸோ காலையில் முட்டையைக் கருகவிட்டு, ஹாரியின் தலையைக் கலைத்து, பள்ளிக்கு நேரமாச்சு என்று விரட்டுகிற மனிதர். அவர் கத்தியோடு வந்து நிற்கிறார் என்று எழுதியிருந்தாலும், ரொட்டியில் வெண்ணெய் தடவ வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்குப் படித்துக்கொண்டு போனேன்.

ஹாரியின் நண்பன் ரானின் எலி விஷயமும் அப்படித்தான். வயசான, நோஞ்சான் எலி. தோழி ஹெர்மயனியின் பூனை அதைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. முதல்முறை படிக்கிற எல்லாரும் எலிக்காகப் பரிதவிப்பார்களாம். நண்பர்களுக்குள் அதனால் சண்டையே வருகிறதே. ரசிகர் கதைகளில் அந்த எலியின் முழு ஜாதகத்தையும் பார்த்துவிட்ட நான் புத்தகம் முழுக்கப் பூனைக் கட்சி. பிடி, விடாதே என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

இதில் என்னால் ஜீரணிக்கமுடியாத ஒன்று உண்டு. அதே களஞ்சியத்தில் எச்சரிக்கை என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. கதையில் முக்கியமான ஆள் யாராவது செத்தால் அதைச் சொல்லிவிடவேண்டும். ஆனால் எழுதுகிறவருக்கு ஒரு சலுகை: ‘நான் எச்சரிக்க விரும்பவில்லை’ என்று போட்டுவிட்டு நகரலாம். கதையின் சஸ்பென்ஸ் போய்விடக் கூடாதல்லவா! தன் கதையில் யார் சாகிறார் என்பதை வாயை இறுக மூடிக் காப்பாற்றுகிற அதே மனிதர், அடுத்த வரியிலேயே ‘ஃபிரெட் வீஸ்லி பிழைத்துவிடுகிறார்’ என்று சீட்டு ஒட்டுகிறார். ரௌலிங்கின் சஸ்பென்ஸ் யார் அப்பன் வீட்டுச் சொத்தோ.

இவர்கள் ஒன்றும் ஸ்பாய்லரின் வலி அறியாதவர்கள் அல்ல. 2005 ஜூலையில் ஆறாம் புத்தகம் வெளியான சமயம், கடை வாசலில் காத்திருந்தவர்களிடம் யாரை யார் கொல்கிறார் என்று கத்திவிட்டு ஓடிய புண்ணியவான்கள் உண்டு. அவர்களை ரசிகர் கூட்டம் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. மன்னிக்காத கையோடு உட்கார்ந்து, ‘ஸ்னேப் உயிர் தப்பிய பின்...’ என்று கதையைத் தொடங்குகிறது.

அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது அவளுக்குப் புரியவே இல்லை. “அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சித்தி?” என்றாள். நோய் எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. எழவு வீட்டுக்குள் நுழைகிறவரிடம் யாரும் முறையாகச் சேதி சொல்வதில்லை. வருகிறவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் எல்லாரும் அழுதுகொண்டிருப்பார்கள். ஒப்பாரியைக் கேட்டு நாமே யாரென்று ஊகித்துக்கொள்ளவேண்டும். மூல ஆசிரியர் சாகடித்தது இவர்களுக்குத் தாங்கவில்லை. தாங்காததால் எழுதுகிறார்கள். எந்த இடத்தில் வலித்ததோ அந்த இடத்தைத்தான் மாற்றி எழுதுகிறார்கள். புதிதாக வருகிறவன் எந்த இடத்தைத் தெரிந்துகொள்ளவே கூடாதோ, அதுவும் அச்சு அசலாக அதே இடம். காதலிலும் கல்யாணத்திலும் சுகமாக முடிந்த பாத்திரங்களைப் பற்றி இவ்வளவு துல்லியமாகத் துப்பு கிடைப்பதில்லை. அவர்களைக் காப்பாற்ற யாருக்கும் அவசரமில்லை.

முடிவு முன்கூட்டியே தெரிந்தால் கதை இன்னும் ருசிக்கும் என்று அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தில் இரண்டு உளவியல்காரர்கள் 2011-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இருக்கலாம். ஆனால் அவர்கள் மாணவர்களுக்குக் கொடுத்தது உண்மையான முடிவுகள். என் அக்கா மகள் எனக்குக் கொடுத்ததில் பொய் முடிவுகளும் கலந்திருந்தன. இந்த வகைக் கேட்டை எந்தப் பல்கலைக்கழகமாவது ஆராய்ந்தால் நல்லது.

ஹாரியின் பள்ளி எதிரி டிரேக்கோ மால்ஃபோயை எடுத்துக்கொள்ளுங்கள். நான் படித்த கதைகளில் சாம்பல் நிறக் கண், தோல் பேன்ட், நறுக்கென்ற பேச்சு, உள்ளே ரணப்பட்ட இதயம். ஹாரிக்கும் அவனுக்கும் காதல் என்பது சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி நிச்சயம். அந்த நிச்சயத்தோடுதான் மூலப் புத்தகத்தைத் தொடங்கினேன். முதல் புத்தகத்தில் அழுமூஞ்சி. சரி, சின்னப் பையன். இரண்டாவதிலும் அப்பா புராணம்தான். நான்காவதில் அவனைக் கீரி மாதிரி ஒரு பிராணியாக்கிப் பந்தாகத் தட்டுகிறார்கள். நானும் பொறுமையாக, இங்கே திருந்துவான், இதோ அடுத்த அத்தியாயத்தில் கண்ணோடு கண் நோக்குவார்கள் என்று ஏழாவது புத்தகத்தின் கடைசி அத்தியாயம்வரை காத்திருந்தேன். பத்தொன்பது வருஷம் கழித்து ரயில் மேடையில் நிற்கிறார்கள். ஹாரிக்கு வேறொரு பெண்ணோடு மூன்று குழந்தைகள். டிரேக்கோவுக்கு முன்னந்தலையில் முடி கொட்டத் தொடங்கிவிட்டது. ஹாரி கும்பலைப் பார்த்து ஒரு தலையாட்டல். முடிந்தது. ஒரு தலையாட்டலுக்காகவா ஆயிரக்கணக்கான பக்கங்கள்!

ரசிகர்களுக்கும் இந்தக் கடைசி அத்தியாயம் பிடிக்கவில்லை. ‘முடிவுரையா? எந்த முடிவுரை?’ என்று ஒரு சீட்டே வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது இத்தனைக்கும் நடுவில் முதல்முறையாக அவர்களோடு கைகோத்துக்கொள்ளத் தோன்றியது.

டாஃப்னே கிரீன்கிராஸ் கதை இன்னும் மோசம். ரசிகர் கதைகளில் அவள் அழகு, அறிவு, குடும்பப் பெருமை, ஒற்றைப் புருவத்தை உயர்த்தும் பாணி எல்லாம் எனக்கு அத்துப்படி. மூலத்தில் அவளைத் தேடிக்கொண்டே போனேன். ஐந்தாம் புத்தகத்தில், பரீட்சை எழுத உள்ளே கூப்பிடுகிற பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் வருகிறது. பெயர் மட்டும். உள்ளே போனவள் வெளியே வரவில்லை. பிளைஸ் ஜாபினி என்று இன்னொருவர். 1997-இல் முதல் புத்தகத்தில் வெறும் பெயராக வந்ததால், ரசிகர்களில் ஒரு கோஷ்டி அவரைப் பெண்ணாகவும் இன்னொரு கோஷ்டி ஆணாகவும் வருஷக்கணக்கில் வளர்த்தது. 2005-இல் ரௌலிங் ஆண் என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குள் எத்தனை பேர் கல்யாணமே செய்து வைத்திருந்தார்களோ.

சிரியஸுக்கு வருகிறேன். அவர் சாவார் என்று தெரியும். ஆனால் எத்தனையோ கதைகளில் பிழைத்துவந்தவர் என்பதால், ஐந்தாம் புத்தகத்தில் ஒரு திரைக்குப் பின்னால் விழுந்தபோது எனக்குக் கண் கலங்கவில்லை. எழுந்து வருவார் என்று பக்கத்தைப் புரட்டினேன். புரட்டிக்கொண்டே இருந்தேன். “இங்க ஒரு அத்தியாயம் விட்டுப்போயிருக்கு” என்றேன். அக்கா மகள் என்னைப் பார்த்த பார்வையில், முதல் தடவையாக, கொஞ்சம் குற்ற உணர்ச்சி தெரிந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் இப்படி என்று பேசுவதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. கல்கியே ஒரு ஃபிக்ஸ்-இட், அதாவது மனசு ஒப்பாததைத் திருத்தும் கதை, எழுதியவர்தான். சோழ இளவரசர் ஆதித்த கரிகாலன் கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயர்கள் இருக்கின்றன. அதற்கு மேல் ஸ்பாய்லர் கிடையாது. அந்தக் கல்வெட்டு ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இடையில் பத்துப் பதினைந்து வருஷம் ஆண்ட உத்தம சோழர் ஏன் விசாரிக்கவில்லை? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியாருக்குச் சந்தேகம் அவர் மேலேயே விழுந்தது. கல்கிக்கு அது தாங்கவில்லை என்று நினைக்கிறேன். 1950 முதல் 1954 வரை தொடர்கதை எழுதி, பழி எட்டவே முடியாத இடத்தில் உத்தம சோழரைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார். எப்படி உட்காரவைத்தார் என்பதுதான் பொன்னியின் செல்வனின் ஆகப் பெரிய திருப்பம். அதை இங்கே சொல்லமாட்டேன். என் அம்மா இந்தக் கட்டுரையைப் படிப்பாள்.

அம்மாவுக்கு அந்தத் திருப்பம் வாய்க்கவே இல்லை. அவள் சின்ன வயதில், தெருவில் பத்திரிகைப் பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருந்த வீட்டில் முதல் பாகத்துக்கு எப்போதும் கிராக்கி. கிடைக்கிறபோது படிக்கலாம் என்று, வாடகை நூலகத்தில் சும்மா இருந்த விக்கிரமனின் நந்திபுரத்து நாயகியை எடுத்து வந்துவிட்டாள். பொன்னியின் செல்வன் முடிந்த இடத்தில் தொடங்குகிற கதை அது. சிம்மாசனத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மூடி மறைக்க விக்கிரமனுக்கு வழியில்லை. அம்மாவும் என்னைப் போலவே பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போனாள்.

அந்த ஆற்றாமையில் ஒரு வைராக்கியம் எடுத்தாள். நாங்கள் படித்து முடிக்கும்வரை மூச்சு விடவில்லை. என் கணவர் தமிழ் நாவல் பக்கமே போகாதவர். அவரிடமும், “நீங்க படிக்கணும் மாப்பிள்ளை, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்று இருபது வருஷத்துக்கு மேல் வாயைக் கட்டிக்கொண்டு காத்தாள். வீட்டுக் கல்யாணத்தில் யாரோ உளறப்போக, சாம்பார் வாளியோடு குறுக்கே பாய்ந்தவள் அவள்.

2023 ஏப்ரலில் மணிரத்னத்தின் பொன்னியின் செல்வன் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. மாப்பிள்ளைக்குப் பக்கத்து இருக்கைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொண்டாள். படத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளைக்குப் பிறகு இரண்டு தடவை, “இப்ப வரும் பாருங்க” என்று கிசுகிசுத்தாள். பட்டாபிஷேகமும் வந்தது. அந்தத் திருப்பத்தை மணிரத்னம் நீக்கியே விட்டிருந்தார்.

விளக்குகள் எரிந்தன. “நல்லா இருந்துச்சு அத்தை” என்றார் என் கணவர், ஒன்றும் தெரியாத சந்தோஷத்தோடு.

“இதுக்கா நான் இத்தனை வருஷம் வாயை மூடிட்டு இருந்தேன்?” என்று கேட்டுவிட்டு, வாகனம் நிறுத்துமிடம் வருவதற்குள் அவருக்கு முழுக் கதையையும் சொல்லி முடித்தாள் அம்மா.