வெள்ளி கேட்டு, திங்களுக்குள் படம்

கேள்வி: திங்கட்கிழமை காலை ஐந்து நிமிடக் குறும்படம் ஒப்படைக்க வேண்டும். இன்று வெள்ளி. ஒரு ஃபோன் இருக்கிறது, நான்கு கூட்டாளிகள் இருக்கிறார்கள். கதைதான் இல்லை. வழி உண்டா?
– ஒரு மாணவர், கற்பிட்டி

பதில்: இந்தப் பதில் அச்சாகி வரும்போது உங்கள் திங்கட்கிழமை எப்போதோ போயிருக்கும், தம்பி. அடுத்த ஒப்படைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1999இல் ‘சுயம்வரம்’ என்ற முழுநீளப் படத்தையே தமிழ்நாட்டில் 24 மணி நேரத்துக்குள் எடுத்து முடித்தார்கள். அதற்குப் பத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள். உங்கள் குழுவிலும் எல்லோரும் இயக்குநர்தான் என்பது எனக்குத் தெரியும். வெள்ளி இரவு கரைவது அந்தச் சண்டையில்தான்.

இடத்துக்கு அலையாதீர்கள். உங்களுடையது குடாநாடு: சூரியன் களப்புப் பக்கம் உதித்து, கடற்பக்கம் மறையும். இரண்டையும் ஒரே நாளில் பிடிக்கலாம். இயக்குநர் தர்மசேன பத்திராஜவே ‘பம்பரு எவித்’ (1978) படத்தை எடுக்க உங்கள் கரைக்குத்தான் வந்தார்.

எதிரி காற்று. மே முதல் செப்டெம்பர் வரை கைட் சர்ஃபிங்காரரை வெளிநாட்டிலிருந்து இழுத்துவரும் அதே தென்மேற்குக் காற்று, ஃபோன் மைக்கில் புயலாக இரையும். வெளியே யாரையும் பேசவிடாதீர்கள். வசனத்தைப் பிறகு வீட்டுக்குள், போர்வைக்கு அடியில் பதியுங்கள். வசனமே இல்லாவிட்டால் இன்னும் உத்தமம். நண்பர்களின் நடிப்பும் பாதி மறைந்துவிடும்.

கதையா? விடியற்காலை கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போங்கள். தொடக்கம், இழுபறி, முடிவு எல்லாம் அதிலேயே உண்டு. வலை இழுப்பவரிடம் “இன்னொரு டேக், நானா” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கயிற்றை உங்கள் கையில் கொடுத்துவிடுவார்.